நடுங்காத கை

பொட்டலம் என்று அவருக்குப் பெயர் வைத்தது குத்துச்சண்டைக் கிளப்பில் யாரோ ஒரு புண்ணியவான். வைத்தவனை எல்லோரும் மறந்துவிட்டார்கள், பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது. பகலில் அவருக்குக் கண்ணாடிச் சாமான் கிடங்கில் வேலை. கோப்பை, ஜாடி, விளக்குக் குடுவை என்று எது வந்தாலும் முதலில் காகிதம், அதன்மேல் பஞ்சு, அதன்மேல் அட்டை என்று சுற்றிப் பெட்டிக்குள் இறக்குவார். இருபத்திரண்டு வருடத்தில் அவர் கட்டிய பெட்டிகளில் உடைந்த சாமான் மொத்தம் ஏழு. அந்த ஏழும் லாரிக்காரன் தப்பு என்று இன்றைக்கும் சாதிப்பார்.

சனி, ஞாயிறு வந்தால் அதே வேலையைக் கிளப்பில் செய்வார். கண்ணாடிக்குப் பதில் கை, அவ்வளவுதான் வித்தியாசம். சண்டைக்கு இறங்குகிறவர்களுக்குக் கையுறை மாட்டுவதற்கு முன்னால் கையில் துணிப்பட்டை சுற்ற வேண்டும். மணிக்கட்டில் மூன்று சுற்று, உள்ளங்கையில் மூன்று, விரல் முட்டிகளின் மேல் மெத்தை மாதிரி நாலைந்து, விரலிடுக்குகளில் ஒவ்வொன்று. இறுக்கிவிட்டால் ரத்தம் ஓடாது, தளர்த்திவிட்டால் எலும்பு நகர்ந்துவிடும். பொட்டலம் கட்டிய கை இதுவரை உடைந்ததில்லை.

அவரே ஒரு காலத்தில் குத்துச்சண்டைக்காரர்தான். ஒரே ஒரு சண்டை. அதுவும் நடக்காத சண்டை. இருபத்திரண்டு வயதில், பெயரைக் கூப்பிடுவதற்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது, கழிப்பறை ஜன்னல் வழியாகக் குதித்து ஓடிவிட்டார். கையில் உறை மாட்டிக் கயிறும் கட்டியாகிவிட்டது, தனியாக அவிழ்க்க முடியாது. அப்படியே பஸ் ஏறினார். டிக்கெட்டுக்குச் சில்லறை எடுக்க முடியாமல் முழித்தபோது, கண்டக்டரே அவர் பையில் கையை விட்டு எடுத்துக்கொண்டு, "யாரைப்பா அடிக்கப் போறே?" என்று கேட்டாராம். தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று என்று வீட்டில் சொன்னார்கள். கிளப்பில் அப்படி லேசில் விடவில்லை. இத்தனை வருடம் கழித்தும் அந்த ஜன்னலுக்கு 'பொட்டலம் வாசல்' என்றுதான் பெயர்.

ஓடினவருக்குத்தான் பயத்தின் அளவு தெரியும். பயம் உள்ளங்கையில்தான் குடியிருக்கிறது என்பது பொட்டலத்தின் கட்சி. துணி சுற்றுகிற இருபது நிமிடமும் எதிரே உட்கார்ந்திருப்பவரின் கை அவர் கைக்குள் இருக்கும் இல்லையா, எல்லாம் தெரிந்துவிடும். ஒருத்தன் கொட்டாவியாக விட்டுக்கொண்டிருப்பான். பார்க்கிறவர்கள், "என்ன தைரியம், தூக்கம் வருது பாரு" என்பார்கள். தூக்கமாவது ஒன்றாவது, அதுவும் பயம்தான். ஒருத்தி இருபது நிமிடத்தில் ஆறு தடவை கழிப்பறைக்கு ஓடுவாள். இன்னொருத்தன் தன் வீட்டுக் குழாய் ரிப்பேரான கதையை வாய் ஓயாமல் சொல்வான். பொட்டலம் எல்லோருக்கும் ஒரே பதில்தான் வைத்திருந்தார். "கை சில்லுனு இருக்கா? நல்லது. ரத்தமெல்லாம் தோளுக்கும் தொடைக்கும் போயிருக்கு. உடம்பு உனக்கு முன்னாடியே ரிங்குல ஏறிடுச்சு, நீ பின்னாடியே போனா போதும்."

இன்னொன்றும் செய்வார், யாருக்கும் தெரியாமல். மணிக்கட்டில் முதல் சுற்றுக்கு முன்னால் கட்டைவிரலுக்குக் கீழே விரலை வைத்து, சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துப் பதினைந்து நொடி நாடி எண்ணுவார். இருபத்தெட்டு, முப்பது வந்தால் சரி. யாருக்கு எவ்வளவு என்பது அவருக்கு மனப்பாடம்.

அவர்களிலேயே பெரிய பயந்தாங்கொள்ளி அவருடைய மாப்பிள்ளை, அதாவது தங்கையின் கணவர். வீடு மாற்றிக் கொடுக்கும் கம்பெனியில் சாமான் தூக்குகிற வேலை. குளிர்சாதனப் பெட்டியை முதுகில் கட்டிக்கொண்டு நாலு மாடி ஏறுவார், மூச்சு வாங்காது. ஆனால் சண்டை என்றால் இரண்டு நாளைக்கு முன்னாலேயே சோறு இறங்காது. அன்றைக்குக் காலையில் வயிற்றில் புளியைக் கரைக்கும். ஷூவுக்குக் கயிறு கட்ட முடியாத அளவுக்குக் கை நடுங்கும், அதையும் பொட்டலம்தான் கட்டிவிட வேண்டும். முதல் மணி அடித்ததும் நடுக்கம் நின்றுவிடும், அது வேறு விஷயம். கல்யாணத்துக்கு முன்னால் இரண்டு பேரும் வாடா போடா என்று பழகினவர்கள். தங்கையைக் கட்டிக்கொடுத்த பிறகு பொட்டலம் வலுக்கட்டாயமாக 'வாங்க மாப்ள' என்று மாறினார். மாப்பிள்ளையும் விட்டுக்கொடுக்காமல் 'சொல்லுங்க மச்சான்' என்றார்.

எட்டு வருடமாக அரையிறுதியிலேயே தோற்றுக்கொண்டிருந்த மாப்பிள்ளை, இந்த வருடம்தான் முதல் தடவையாக இறுதிச் சண்டைக்கு வந்திருந்தார். வயது முப்பத்துமூன்று. இதை விட்டால் இன்னொன்று வருமா என்பது சந்தேகம்தான்.

அரையிறுதி ஜெயித்த அன்று தங்கை வீட்டில் எல்லோரும் சாப்பிட்டார்கள். அப்போது பொட்டலம் சிரித்துக்கொண்டே ஒரு வார்த்தை விட்டார். "இந்தப் பயத்துக்கு மட்டும் ஒரு மாத்திரை இருந்திருந்தா உன் புருஷன் எப்பவோ சாம்பியன்." எல்லோரும் சிரித்தார்கள். தங்கையும் சிரித்தாள். நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். கெடப்போகிற நேரம் நுணலுக்கு மட்டும் தெரியாது.

இறுதிச் சண்டை ஞாயிற்றுக்கிழமை மதியம் மூன்று மணிக்கு. இரண்டரைக்குப் பொட்டலம் துணிச்சுருளோடு உடை மாற்றும் அறைக்குள் போனார். மாப்பிள்ளை ஏற்கெனவே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். ஷூவுக்குக் கயிறு தானே கட்டியிருந்தார், இரண்டு காலிலும் ஒரே மாதிரி முடிச்சு. பயிற்சி கொடுக்கிற மாஸ்டர் பூரித்துப்போய், "பாருய்யா, சிங்கம் மாதிரி உக்காந்திருக்கான்" என்று முதுகில் தட்டிவிட்டு வெளியே போனார்.

பொட்டலம் ஸ்டூலை இழுத்துப் போட்டு இடது கையைப் பிடித்தார். பிடித்ததும் விட்டுவிட்டார்.

கை சூடாக இருந்தது. வியர்வை இல்லை, நடுக்கம் இல்லை. இஸ்திரி போட்டு அப்போதுதான் மடித்து வைத்த துணியைத் தொட்ட மாதிரி இருந்தது. எட்டு வருடமாக அவர் பிடித்த கை இது இல்லை. வேறு யாரோ ஓர் ஆள் மாப்பிள்ளையின் பனியனைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறானோ என்று அவருக்குத் தூக்கிவாரிப்போட்டது.

நாடியில் விரலை வைத்துக் கடிகாரத்தைப் பார்த்தார். பதினைந்து நொடியில் பன்னிரண்டு. எண்ணத் தவறிவிட்டோம் என்று மறுபடி எண்ணினார். பன்னிரண்டுதான். மாப்பிள்ளைக்கு எப்போதும் முப்பத்திரண்டு வரும்.

"மச்சான், ஒண்ணு சொல்லட்டுமா?" என்றார் மாப்பிள்ளை. குரல் தாழ்ந்திருந்தது, ஆனால் முகம் முழுக்கச் சிரிப்பு. "இன்னைக்குப் பயமே இல்ல. காலைல எழுந்து உக்காந்து, வரும் வரும்னு காத்துட்டிருந்தேன். வரவே இல்ல. நல்லாத் தூங்கினேன், நல்லாச் சாப்பிட்டேன். இவ்வளவு நாளா நான் ஒரு பயந்தாங்கொள்ளின்னே நினைச்சுட்டிருந்தேன் மச்சான். இல்ல போல."

சொல்லும்போது கண் கலங்கிவிட்டது. சந்தோஷப்பட வேண்டிய நேரத்தில் சந்தோஷப்பட முடியவில்லையே என்று பொட்டலத்துக்குத் தன்மேலேயே கோபம் வந்தது. துணியைச் சுற்றத் தொடங்கினார். பாதியில் கேட்டார்.

"காலைல என்ன சாப்பிட்டீங்க மாப்ள?"

"ரொட்டி, முட்டை. ஒரு டம்ளர் ஆரஞ்சு ஜூஸ். கொஞ்சம் கசந்துச்சு. சத்துப் பொடி ஏதோ போட்டேன்னு உங்க தங்கச்சி சொன்னா. ராத்திரியும் குடுத்தா. ஏன்?"

"சும்மாதான். கத்திரிக்கோலை வண்டியிலேயே விட்டுட்டேன், எடுத்துட்டு வந்துடறேன்."

கத்திரிக்கோல் அவருடைய சட்டைப் பையிலேயே இருந்தது.

தங்கை கூடத்தில் மூன்றாவது வரிசையில், மடியில் கைப்பையோடு உட்கார்ந்திருந்தாள். பல் ஆஸ்பத்திரியில் தொலைபேசி எடுத்து நோயாளிகளுக்கு நேரம் குறித்துக் கொடுக்கிற வேலை அவளுக்கு. யார் வலியில் கத்தினாலும் பதறாமல் பேசுவாள். அண்ணனைக் கண்டதும் கண்ணெல்லாம் மின்ன, குரலைத் தாழ்த்திக் கேட்டாள்.

"கை நடுங்கலதானே?"

பொட்டலம் அப்படியே பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். "என்ன குடுத்தே?" என்று கேட்டார்.

"பயப்படாதண்ணா. நான் தினமும் சாப்பிடற ஒத்தைத் தலைவலி மாத்திரைதான். படபடப்பு, கை நடுக்கம் எல்லாத்துக்கும் குடுப்பாங்கன்னு டப்பாக்குள்ள இருந்த காகிதத்துலயே போட்டிருக்கு. நேத்து ராத்திரி ரெண்டு, காலைல ரெண்டு. பொடி பண்ணிக் கலந்துட்டேன்."

"அவருக்குத் தெரியுமா?"

அவள் கைப்பையின் ஜிப்பை மூடித் திறந்தாள். "தெரிஞ்சா என்ன பிரயோஜனம்? மாத்திரையால வந்த தைரியம்னு நினைப்பாரு. தானா வந்ததுன்னு நினைக்கட்டுமே. எட்டு வருஷமாக் காலைல குளியலறைக் கதவுக்கு வெளிய நின்னு அவரு வாந்தி எடுக்கறதைக் கேட்டுட்டிருக்கேண்ணா. கேக்க முடியல." அப்புறம் அண்ணனை நிமிர்ந்து பார்த்து, "நீதானே சொன்னே, மாத்திரை இருந்தா எப்பவோ சாம்பியன்னு" என்றாள்.

தலையில் இடி விழுந்த மாதிரி இருந்தது. சொன்னது அவர்தான். சிரித்துக்கொண்டே சொன்னார்.

மணி இரண்டு நாற்பது. பொட்டலம் டாக்டரும் இல்லை, கம்பவுண்டரும் இல்லை. ஆனால் இத்தனை வருடம் நாடி பிடித்ததில் ஒன்று மட்டும் தெரியும். ரிங்கில் ஏறுகிறவனுக்கு இதயம் ஓடியாக வேண்டும். விரிசல் விட்ட ஜாடியை எவ்வளவு பஞ்சு வைத்துச் சுற்றினாலும், பெட்டி ஒரு குலுக்குக் குலுங்கினால் உள்ளே தூள்தான்.

சொன்னால் சண்டை நின்றுவிடும். ஓடிப்போனவன் தன் மாப்பிள்ளையையும் ஓட வைத்துவிட்டான் என்று காலத்துக்கும் பேசுவார்கள். தங்கை செய்தது வெளியே வரும். எல்லாவற்றையும் விட, அந்தச் சிரிப்பு போய்விடும். மூன்று ரவுண்டுதானே, மொத்தம் ஒன்பது நிமிடம்தானே என்று ஒரு கணம் நினைத்தார். நினைத்த அந்தக் கணத்துக்காக அவர் பிற்பாடு ரொம்ப நாள் வெட்கப்பட்டார். எழுந்து நேரே ரிங்குக்குப் பக்கத்தில் இருந்த போட்டி டாக்டரின் மேஜைக்குப் போய், மாப்பிள்ளையின் நாடி பதினைந்து நொடிக்குப் பன்னிரண்டுதான் அடிக்கிறது என்று மட்டும் சொன்னார்.

டாக்டரம்மா கையிலிருந்த பேனாவை அப்படியே வைத்துவிட்டார். "காலைல நானே பாத்தேனே! நாடி அம்பத்தாறு. நல்லாப் பழகின உடம்புன்னு சந்தோஷமா எழுதிக் கையெழுத்துப் போட்டேன்" என்றபடி எழுந்தார். அமைதியைப் பார்த்தால் எல்லோருக்கும் சந்தோஷம்தான். மாஸ்டருக்குச் சிங்கம் தெரிந்தது, டாக்டருக்குப் பழகின உடம்பு தெரிந்தது. பயம் எங்கே போயிற்று என்று கேட்க ஒருவருக்கும் தோன்றவில்லை.

அறைக்கு வந்ததும் டாக்டரம்மா மாப்பிள்ளையை நின்ற இடத்திலேயே இரண்டு நிமிடம் ஓடச் சொன்னார். அவர் சிரித்துக்கொண்டே ஓடினார். டாக்டரம்மா அவர் நாடியைப் பிடித்தார். எழுபது.

"ஏறல" என்றார் டாக்டரம்மா. "நூத்தம்பதுக்கு மேல போயிருக்கணும். இதயத்தைக் கட்டிப்போட்ட மாதிரி இருக்கு. ரிங்குல அடிவாங்கி உடம்பு ரத்தம் கேக்கும்போது, இதயத்தால அனுப்ப முடியாது. நின்ன இடத்துலயே விழுந்துடுவீங்க. என்ன மாத்திரை போட்டீங்க?"

"நானா? மாத்திரையா?" மாப்பிள்ளை ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். "நான் எதுவும் போடலயே. மச்சான், சொல்லுங்க."

பொட்டலம் சொன்னார். ஜூஸ், தலைவலி மாத்திரை, ராத்திரி இரண்டு, காலையில் இரண்டு. தன் வாயிலிருந்து வந்த அந்தக் கிண்டலையும் மறைக்காமல் சொன்னார்.

மாப்பிள்ளை தன் கைகளைப் பார்த்தார். இடது கையில் துணி பாதி சுற்றியிருந்தது. வலது கை வெறும் கை. இரண்டும் கல் மாதிரி அசையாமல் இருந்தன.

"அப்போ காலைலேர்ந்து இருந்தது நான் இல்லையா?"

கோபம் வந்து விருட்டென்று எழுந்தார். எழுந்தவர் அப்படியே வெளிறிப்போய், முழங்கால் மடங்கிச் சரிந்தார். பொட்டலம், "டேய்! டேய்!" என்று கத்திக்கொண்டே பாய்ந்து தாங்கிப் பிடித்தார். எட்டு வருடத்து மரியாதையெல்லாம் அந்த ஒரு கத்தலில் போயிற்று. ஒரு குத்துகூட வாங்காத ஆள், குளிர்சாதனப் பெட்டியை முதுகில் தூக்கி மாடி ஏறுகிற ஆள், எழுந்து நின்றதற்கே விழுந்துவிட்டார். இன்னும் பதினைந்து நிமிடம் கழித்து, எதிரே ஒருத்தன் தலையைக் குறிவைத்து நிற்கும்போது இது நடந்திருந்தால்?

சண்டை மருத்துவக் காரணத்தால் ரத்து என்று ஒலிபெருக்கியில் சொன்னார்கள். கூட்டத்தில் எவனோ, "மச்சான் ஓடின ஜன்னல்லயே மாப்பிள்ளையும் ஓடிட்டாரா?" என்று கத்தினான். நல்ல சிரிப்பு எழுந்தது. மாப்பிள்ளையை வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தவர்கள் காதிலும் அது விழுந்தது.

ஆஸ்பத்திரியில் மறுநாள் காலை வரை கவனிக்க வேண்டும் என்று படுக்க வைத்தார்கள். கட்டிலுக்கு ஒரு பக்கம் தங்கை, மறு பக்கம் பொட்டலம். இடது கையில் பாதி சுற்றிய துணியை அவிழ்க்க யாருக்கும் நினைவில்லை. தங்கை அழுது முடித்திருந்தாள். தம்ளரில் தண்ணீர் ஊற்றி நீட்டி, "மன்னிச்சிடுங்க. கொஞ்சம் குடிங்க" என்றாள்.

மாப்பிள்ளை தம்ளரைப் பார்த்தார். வாங்கவில்லை. கோபமாகக்கூடச் சொல்லவில்லை, அவருக்கே அப்போதுதான் உறைத்த மாதிரி மெதுவாகச் சொன்னார்.

"நீ குடுத்தா இனிமே நான் எப்படிக் குடிப்பேன்?"

தங்கையின் கை அந்தரத்திலேயே நின்றது. அவள் முகத்தைப் பொட்டலம் பார்த்தார். மாப்பிள்ளை உயிரோடு இருக்கிறார், டாக்டரும் பயமில்லை என்று சொல்லிவிட்டார், தலைக்கு வந்தது இந்தத் தடவையும் தலைப்பாகையோடு போயிற்று என்றுதான் அதுவரை நினைத்திருந்தார். இல்லை, வேறு ஏதோ ஒன்றும் கூடவே போயிருந்தது.

மறுநாள் மாப்பிள்ளை வீட்டுக்கு வந்தார். இரண்டு வாரம் தன் காபியைத் தானே போட்டுக்கொண்டார், தண்ணீரைத் தானே பிடித்துக் குடித்தார். சண்டை போடவில்லை, குத்திக்காட்டவில்லை, அதுதான் தங்கைக்குத் தாங்கவில்லை. மூன்றாவது வாரம் ஒருநாள் அவள் காபியை ஊற்றி, அவர் கண்முன்னால் முதலில் தான் ஒரு வாய் குடித்துவிட்டுத் தம்ளரை அவர் பக்கம் நகர்த்தினாள். அவர் எடுத்துக் குடித்தார். அன்றிலிருந்து அந்த வீட்டில் அதுதான் பழக்கம். விருந்துக்கு வருகிறவர்கள் அன்பு என்று நினைத்துக் கேலி செய்வார்கள். அன்பும்தான், அன்பு மட்டும் இல்லை. பொட்டலம் அந்த வீட்டில் சாப்பிடும்போது வாயைத் திறந்து ஜோக் அடிப்பதை அடியோடு விட்டுவிட்டார்.

ஐந்து மாதம் கழித்து அடுத்த போட்டி. அதே அறை, அதே பெஞ்சு. மாப்பிள்ளை காலையில் வாந்தி எடுத்திருந்தார், ஷூ கயிறு அவிழ்ந்து தொங்கியது. பொட்டலம் குனிந்து கட்டிவிட்டு, கையைப் பிடித்தார். ஐஸ் மாதிரி சில்லென்று இருந்தது, விரல்கள் தந்தியடித்துக்கொண்டிருந்தன. பொட்டலத்துக்கு அந்தக் கையைக் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம் போல இருந்தது.

"ரொம்ப நடுங்குதா மச்சான்?"

"நல்லா நடுங்குது மாப்ள. எல்லாம் உங்களுது, கலப்படம் இல்ல."

மாப்பிள்ளை பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்தார். பொட்டலம் கடிகாரத்தைப் பார்த்து நாடி எண்ணினார். பதினைந்து நொடியில் முப்பத்திரண்டு. மாஸ்டர் தலையை நீட்டி, எதிராளி போன வருடத்துச் சாம்பியன் என்று சொல்லிவிட்டுப் போனார். நாடி அதற்கெல்லாம் அசையவில்லை, முப்பத்திரண்டிலேயே ஓடியது.

அப்போது தங்கை தண்ணீர் பாட்டிலோடு உள்ளே வந்தாள். மூடியைத் திருகித் திறந்து, எல்லோருக்கும் தெரிகிற மாதிரி முதலில் தான் இரண்டு வாய் குடித்தாள். பிறகு கணவரிடம் நீட்டினாள்.

பொட்டலத்தின் விரல் இன்னும் மாப்பிள்ளையின் மணிக்கட்டில்தான் இருந்தது. சாம்பியன் பெயரைக் கேட்டு அசையாத நாடி, அந்தப் பாட்டிலைக் கண்டதும் விரலுக்கு அடியில் ஒரு துள்ளுத் துள்ளியது. பொட்டலம் திடுக்கிட்டு நிமிர்ந்து பார்த்தார். மாப்பிள்ளை முகத்தில் எதுவும் தெரியவில்லை. மனைவியைப் பார்த்துச் சிரித்தார். நடுங்குகிற கையால் பாட்டிலை வாங்கி, பாதித் தண்ணீரைப் பனியனில் சிந்திக்கொண்டு, மீதியைக் கடைசி வரை குடித்தார்.